சுவரா, ஸ்டாண்டா

ஜனவரி 18, சனி

கிறிஸ்மஸுக்கு மறுநாள் பொக்சிங் டே மலிவில் வாங்கிய டிவி இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் பூட்டுவோம் என்கிறேன். இவர் ஸ்டாண்ட் போதும் என்கிறார். நான் வீட்டிலேயே நடத்தும் கார்டரிக்கு, பிள்ளைகள் காப்பகத்துக்கு, வருகிற ஐந்தும் நடக்கப் பழகுகிற குஞ்சுகள். கைக்கு எட்டியதைப் பிடித்துத்தான் எழும்புவார்கள். ஸ்டாண்டில் வைத்தால் ஒருநாள் டிவி ஒரு பிள்ளையின் தலையில்தான் விழும்.

இதைச் சொன்னால், சுவரைத் துளைத்தால் அண்ணைக்குப் பிடிக்காதாம்.

வீடு இவருடைய அண்ணன், என் அத்தான் பேரின்பநாதனுடையதுதான். அவர்கள் கீழே, நாங்கள் மேலே. ஆனால் போன வருடம் குசினிச் சுவரையே உடைத்தோம். அத்தானே வந்து சுத்தியல் பிடித்தார். இப்போது நாலு துளைக்குக் கோபம் வருமாமா?

ஜனவரி 21

ஸ்டாண்ட் வந்து இறங்கிவிட்டது. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பிரிக்க விடவில்லை நான்.

ஜனவரி 26, ஞாயிறு

அத்தானின் மனைவி லோகநாயகி அக்கா சீனி கேட்டு மேலே வந்தார். சீனியை மூட்டையாக வாங்குகிற வீடு அது! தேத்தண்ணீர் வேண்டாமாம். பின்னறை வாசலில் நின்று யன்னலைப் பார்த்தார். இந்த அறைக்கு வெயில் நன்றாக வருமா என்று கேட்டார். இத்தனை வருடமாக வந்துபோகிறவருக்குத் தெரியாத வெயிலா?

சீனியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெப்ரவரி 2

டிரில் பிடிக்கப் பயந்த ஆள் இல்லை இவர். எதையோ ஒளிக்கிறார். இந்த ஊரை விட்டு டொரொண்டோவில் வேலை ஏதும் பார்க்கிறாரா? அப்படியென்றால் அக்கா ஏன் யன்னலைப் பார்க்கவேண்டும்? அல்லது எனக்குத்தான் மூளை கழன்றுவிட்டதா?

பெப்ரவரி 9, ஞாயிறு

கழலவில்லை.

டொலார்ட் முருகன் கோயிலில் டினோஜனின் வருங்கால மாமியார் என்னைக் கண்டார். அத்தானின் மகன் டினோஜனுக்கு ஜூனில் கல்யாணம். அந்த மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு மேல்வீட்டை விட்டுக்கொடுக்கிறீர்கள், பெரிய மனது என்றார். நான் சிரித்தேன். வேறென்ன செய்ய?

காரில் ஏறியதும் கேட்டேன். இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணை கிறிஸ்மஸுக்கு முதலே கேட்டவர். ஓம் எண்டிட்டன். உமக்குப் பேந்து சொல்லுவம் எண்டு விட்டிட்டன்."

பேந்தாம்! எப்ப, லொறி வாசல்ல வந்து நிண்ட பிறகோ? டிவி வாங்கேக்கயும் தெரியும். வாற செப்டெம்பருக்கு ரெண்டு பிள்ளையளைப் பதிஞ்சனான், அப்பவும் தெரியும். வீடு போனா என்ர கார்டரியும் எல்லோ போகும் - அதை ஒருக்கா யோசிச்சாரா?

பெப்ரவரி 10

பிள்ளைகள் போனபிறகு கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். அத்தானின் முகம் கறுத்துவிட்டது.

"பிள்ளை, நீரும் ஓம் எண்டதாத்தானே தம்பி சொன்னவன்."

நான் மாட்டேன் என்றால் இப்போதும் நிறுத்தலாம், டினோஜனுக்கு வேறு இடம் பார்க்கிறேன் என்றார். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. பாவம், அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்கத்தான் மேலே ஏறி வந்திருக்கிறார். நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. வீடு அவர்களுடையது. ஆனால் என் பெயரில் ஓம் சொல்ல இவர் யார்?

பெப்ரவரி 20

இவருடன் பேச்சு இல்லை. சாப்பாடு மேசையில், அவ்வளவுதான்.

மாலையில் பிள்ளையை எடுக்க வந்த செலீனிடம் ஜூலையிலிருந்து நான் இங்கே இல்லை என்று சொல்லி அழுதுவிட்டேன். அவள் வாசலிலேயே நின்று தன் மாமாவுக்குப் போன் எடுத்தாள். இரண்டு தெரு தள்ளி அவருடைய கீழ்வீடு காலியாகப்போகிறதாம். சனிக்கிழமை நான் தனியே போய்ப் பார்க்கிறேன்.

ஜூலை 5, சனி

இங்கே வருடாவருடம் ஊரே வீடு மாறுகிற ஜூலை முதலாம் திகதி நாங்களும் செலீனின் மாமாவின் கீழ்வீட்டுக்கு மாறினோம். ஒரு பிள்ளை நின்றுவிட்டது. நாலு பேர் வருகிறார்கள். வாடகை லீஸ் என் பெயரில்.

இன்று டிவிப் பெட்டியைப் பிரித்தோம். இவர் டிரில்லுடன் சுவருக்கு முன்னால் நின்று, "வீட்டுக்காரரிட்டைக் கேக்க வேண்டாமோ?" என்றார்.

"அவரிட்டை நான் கேட்டிட்டன். நீங்கள் என்னட்டைக் கேளுங்கோ."

கேட்டார்.