பின்பக்கம் அடித்த சிமெண்ட் பால்

மச்சி,

தரமணியில் ஒரு ஆபீஸில் நேற்று நம் சுவரைப் பார்த்தேன். நம் சுவர் என்று சொல்லலாமா என்றுகூடத் தெரியவில்லை. வரவேற்பறையில் வெறும் சிமெண்ட் சுவர். அதற்குப் பின்னால் யாராவது நடந்தால் அவர் நிழல் இந்தப் பக்கம் தெரிகிறது. ஒயரிங் பார்க்கப் போனவன், பையைக் கீழே வைத்துவிட்டு மடையன் மாதிரி நின்றேன். சுவரைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தார்.

"ரெண்டு பக்கமும் தொடைக்கணும் சார். பின்னால இன்னா படிஞ்சாலும் முன்னால வெளிச்சம் வராது" என்றார்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த அம்மா சொன்னதிலிருந்து என் மண்டை குழம்பிக் கிடக்கிறது.

தொண்ணூறுகளில் நீ ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் ஜன்னல்களுக்கு ஓட்டை ஓட்டையான சிமெண்ட் ஜாலி வார்த்துக்கொண்டிருந்தாய். நான் தி. நகர் கடைகளுக்கு ஷோகேஸ் விளக்கு போட்டுக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவைக் கடைக்காரர் ஒருவர், புடவைக்குப் பின்னால் வைக்க யாரிடமும் இல்லாத மாதிரி ஏதாவது வேண்டும் என்று என் உயிரை எடுத்தார். உன்னிடம் வந்து புலம்பினேன். மறுநாளே நீ விளம்பர போர்டு செய்யும் கடையில் மிஞ்சிய, கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடும் அக்ரிலிக் கம்பிகளை ஒரு கட்டு வாங்கி வந்துவிட்டாய். பலகையில் ஓட்டை போட்டு அவற்றை நட்டு, நடுவில் கலவை ஊற்றி, இறுகியதும் மேலே நீட்டியதை அறுத்து, மொசைக் தேய்க்கும் கல்லால் தேய்த்தாய். எல்லாம் அந்த இடது கையால். உன் கரண்டியை வேறு யாரும் பிடித்து வேலை செய்ய முடியாது, அப்படித் தேய்ந்திருக்கும்.

பலகையைப் பிரித்து வெயிலில் நிமிர்த்தினோம். கல் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இனிமே ஜாலி வாக்க மாட்டேன் மச்சி" என்றாய். உனக்கு இது ஒரு கடை வேலை மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடையில் அது ஒளிரவில்லை. முதலாளி, அவர் வீட்டு ஆட்கள் எல்லோரும் நிற்க, நான் சுவிட்சைப் போட்டேன். சாம்பல் நிறத்தில் ஒரு பாளம், அவ்வளவுதான். மூன்று முறை பல்ப் மாற்றினேன். பல்ப் எரிந்தது, கைகூடச் சுட்டது. பல்பையே சந்தேகப்பட்டவன், அதற்கு எதிரில் இருந்த கல்லைப் பார்க்கவே இல்லை. முதலாளி என்னை முறைத்தார். அந்தக் கடையை விட்டால் அப்போது எனக்குப் பிழைப்பு கிடையாது, உனக்கும் தெரியும். நீ முன்னால் வந்தாய்.

"தப்பு என்னுது சார். கல்லுலதான் கோளாறு. லைட்டு வேலை சரியாத்தான் கீது."

கழற்றும்போது பாளம் உடைந்தது. மறுநாள் நீ ஜாலி வார்க்கப் போய்விட்டாய். கடைசிவரை நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டியவன் நான்தான்.

நேற்றுதான் விளங்கியது. வண்டியில் ஏற்றுவதற்கு முன் பின்பக்கம் சிமெண்ட் பால் அடித்தோம். சிமெண்டைத் தண்ணீராகக் கரைத்து பிரஷ்ஷால் ஒரு பூச்சு. அது இல்லாமல் உன் பட்டறையிலிருந்து எந்த உருப்படியும் வெளியே போகாது. கம்பிகளின் வாயை நாமே அடைத்துவிட்டோம். வாளி ஞாபகம் இருக்கிறது. பிரஷ்ஷில் முடி உதிர்ந்தது ஞாபகம் இருக்கிறது. பிடித்திருந்த கை யாருடையது? பாளத்தைச் சுற்ற நீ சாக்கு தேடிப் போனாய், அந்த நேரத்தில் நான்தான் அடித்தேன் என்று தோன்றுகிறது. கொஞ்சம் கழித்து, இல்லை, சாக்கு தேடியவன் நான் என்று தோன்றுகிறது. உன் கை என்றால் நீ சொன்னது வெறும் உண்மை. என் கை என்றால், தெரிந்தேதான் பழியை வாங்கிக்கொண்டாயா? எதை நம்புவது என்று தெரியாமல் கிடந்து தவிக்கிறேன்.

உடைந்ததில் ஒரு சாண் துண்டு என் வீட்டில் தண்ணீர் டிரம்முக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. காலையில் அதை உருவி எடுத்தேன். பின்பக்கம் அந்தப் பூச்சு அப்படியே இருந்தது. தேய்க்கும் கல்லை வைத்துத் தேய், தேய் என்று தேய்த்தேன். காலங்காத்தால இது என்ன வேலை என்று மனைவி திட்டினாள். ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். எட்டுப் புள்ளிகள், மச்சி. எட்டிலும் வெளிச்சம். நீ ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாய். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அழுதும் விட்டேன்.

கை கழுவப் போனபோதுதான் நினைவு வந்தது. அந்தப் பூச்சில் பிரஷ் இழுத்த கோடுகள் இருந்தன. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. உன் இடது கை இழுத்தால் ஒரு பக்கம் சாயும், என் கை இழுத்தால் மறுபக்கம். இத்தனை வருஷம் டிரம்முக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று பார்க்காமல், ஒரு கோடு விடாமல் தேய்த்துவிட்டேன்.

துண்டை ஜன்னலில் வைத்திருக்கிறேன். வெளிச்சம் நன்றாக வருகிறது.