தினைமாவில் குழைத்த மலைத்தேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நான் நல்ல சுகம். பயப்படாமல் வாசியுங்கள், இது என் வெற்றிக் கதை.

வெயர்ஹவுஸில் என்னோடு வேலைசெய்யும் நேபாளத்துச் சுனிதா ஒரு போத்தல் மலைத்தேன் தந்தாள். போதை தரும், அரைக் கரண்டிக்கு மேல் ஆபத்து என்றும் சொன்னாள். நான் அதை, வாடகைக்கு இருக்கிற பேஸ்மென்ற் தட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்தது என் பிழை. கந்தசஷ்டி விரதம் முடித்த வீட்டுக்கார இரத்தினவேல் அங்கிள், முருகனுக்குத் தினைமா குழைக்க அதையே எடுத்துவிட்டார். படைத்துவிட்டு, வெறும் வயிற்றில் ஒரு கோப்பை சாப்பிட்டிருக்கிறார்.

நான் வேலையால் வர, அங்கிள் வியர்த்துக் கிடந்தார். "பிள்ளை, தலை சுத்துது, வாய் விறைக்குது" என்றார்.

"உது விரதக் களை, படுத்தாச் சரி" என்றா அவரின் மனுசி ரதி அன்ரி.

பக்கத்தில் பாதிப் போத்தலைக் கண்டேன். "இல்லை அன்ரி, இது தேன் செய்த வேலை" என்று அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் பார்க்க, இதயத் துடிப்பு நாற்பதுக்கும் கீழே. பிறஷர் குளிசையும் போடுகிறவர் அவர். நான் கொண்டுபோன போத்தலைப் பார்த்ததும் டொக்ரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஊசி ஏற்றத் துடிப்பு ஏறியது. "கெட்டிக்காரி" என்று டொக்ரர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார், அம்மா!

அங்கிள் இன்று வீட்டில். வருகிறவர்களிடம் எல்லாம் என் புகழ்தான்.

கொஞ்சம் தினைமா அனுப்புங்கள், நீங்கள் வறுத்து இடித்ததாக. உங்கள் குரலையும் போனில் பதிந்து அனுப்புங்கள்.

மேலேயிருந்து அன்ரி கூப்பிடுகிறா: "நிஷாந்தி, சோறு ஆறுது, வா!" இரண்டு வருடத்தில் அன்ரி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. ஓடுகிறேன்.

உங்கள் மகள்
நிஷாந்தி