ஐம்பத்திரண்டாம் வளைவில் ஒரு வெள்ளைக் கல்

அப்பா, என் நல்ல அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நான் பயந்த இடங்களையும் மறைக்க மாட்டேன்.

இமயமலைத் தேசியப் பூங்காவுக்குப் போக நீங்கள் எழுதிய நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. ரயில் நேரம், கம்பளிச் சட்டை, நம் மூன்று பேர் பெயர். "மரமெல்லாம் முடிஞ்சு வெறும் புல்லும் பனியுமா இருக்கற எடத்துல ஒருக்கா நிக்கோணும் கண்ணு" என்பீர்கள்.

அதற்குப் பயிற்சியாக ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் அடிவாரம் போய், நம் மலையின் எழுபது வளைவுகளில் முடிந்தவரை நடந்து ஏறுவீர்கள். மூச்சு வாங்கி நிற்கும் வளைவில், தடுப்புச்சுவர்மேல் நீல அம்பு வரைந்த வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு பஸ்ஸில் வீடு வருவீர்கள். கல் நாற்பத்தாறாம் வளைவில் இருந்தபோது உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. அதிலிருந்து நீங்கள் எழவே இல்லை.

அம்மா நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "மலைப் பேச்சே இந்த ஊட்டுல வேண்டாம்." பெரியவர் துணையில்லாமல் என்னைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். அம்மா வராவிட்டால் நம் பயணம் அவ்வளவுதான்.

போன மாதம் நூலகத்துக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். கல் நாற்பத்தொன்பதில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஐம்பதில். அதற்கடுத்த வாரம் ஐம்பத்தொன்றில். யார் விளையாடுகிறார்கள்?

பல மாதம் வேறு தடத்தில் ஓடிவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்த கண்டக்டருக்கு நீங்கள் போனது தெரியாது; அன்று டிக்கெட்டைக் கிழித்தபடி சொன்னார்: "ஏங் கண்ணு, உங்கப்பா நடக்கறத இன்னும் உடலையா? போன ஞாயித்துக்கிழம மழையில போனாரு, அதே மஞ்சக் கோட்டு. கையக் காட்டறேன், திரும்பியே பாக்கல. அவ்வளவு பெரிய ஆளாயிட்டாரா?"

வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். உங்கள் மழைக்கோட்டு ஆணியில்தான் தொங்கியது. அதன் ஓரத்தில் புதுச் சேறு.

மறுநாள் ஞாயிறு. அம்மா ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பியதும் நான் பஸ் ஏறி ஐம்பத்தொன்றில் இறங்கினேன். சுவர்மேல் கல் இல்லை. மதியம்வரை அங்கேயே காத்திருந்தேன். பனிமூட்டத்தில் ரோடு பத்தடிக்குமேல் தெரியவில்லை. கீழேயிருந்து காலடிச் சத்தம் வந்தது. பிறகு மஞ்சள் கோட்டு. அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

தலைமூடியை விலக்கியது அம்மா.

"ஏஞ் சாமி, பேயறஞ்ச மாதிரி நிக்கற?"

"டூட்டின்னு சொன்னீங்க..."

"மூச்சு வாங்காம ஏறினாத்தான் அந்தப் பூங்காவுக்குள்ள உடுவாங்களாம். உன்னைய மட்டும் தனியா அனுப்பிருவனாக்கும்?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரைத்தார்.

அழுகையும் சிரிப்புமாகக் கேட்டேன். "அப்ப கல்ல நகத்துனது நீங்கதானா?"

"எந்தக் கல்லு?"

இருவரும் மேலே நடந்தோம். ஐம்பத்திரண்டாம் வளைவில், நீல அம்பு மேல்நோக்கி இருக்க, கல் இருந்தது. அம்மா இன்னும் அங்கே ஏறியிருக்கவில்லை. சுவர் ஜில்லென்று நனைந்திருந்தது. கல்லை எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது அப்பா. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

அம்மாவும் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இருந்த எடத்துலயே வெச்சிரு சாமி. அவருக்கு இன்னும் பதினெட்டு வளைவு இருக்குது."

அன்று மாலை பீரோவைத் திறந்து நோட்டை என்னிடம் தந்தார். மூன்று பெயரில் எதையும் நாங்கள் அடிக்கவில்லை.

கல் எழுபதாம் வளைவுக்கு வந்ததும் என் பையில் எடுத்துக்கொள்வேன். பூங்காவில் எதையும் விட்டுவரக் கூடாது என்று விதி இருக்கிறது, படித்துவிட்டேன். மரங்கள் முடியும் இடத்தில் கையில் ஏந்திக்கொண்டு நிற்பேன். பிறகு பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருவேன். இது சத்தியம்.

ஒரு வளைவு பின்னால் வந்துகொண்டிருக்கும் உங்கள் மகள்,
கிருத்திகா

கடைசி வரிகள் கோணலாக இருந்தால் மன்னியுங்கள். நாளை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.