உனக்கு இரண்டு கோடு, எனக்கு ஒன்று

சத்தியவேடு வட்டாரத்தில் வாழும் சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், கடைசித் தெருக் கடைசி வீட்டுப் பையனுக்கு இன்று காலை ஏழு மணி முதல் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது. வலப்பக்கம் தாராளம், இடப்பக்கம் அடைப்பு. ஆதலால் அவன் இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. வாத்தியார்கள் அடையும் நிம்மதிக்கு அவன் பொறுப்பல்ல.

நைனா, இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது? நீ விலாசம் இல்லாத ஊருக்குப் போய்விட்டாய். போனால் போ. எழுதுவதை நான் விடப்போவதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் நர்சக்கா என் மூக்கில் நீளமான குச்சி ஒன்றை விட்டுச் சுழற்றினாள். மூளைக்கு வழி கேட்கிற மாதிரி அது போய்க்கொண்டே இருந்தது. குச்சியைச் சின்னக் குப்பியில் கலக்கி, விரல் நீள அட்டை ஒன்றின் மேல் சில சொட்டு விட்டாள். கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒரே ஒரு கோடு. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “வெறும் சளி. ஊசி கீசி எதுவும் வேணாம், போ” என்றார்.

அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்ததும் உன்னுடைய இரண்டு கோடு ஞாபகம் வந்தது.

வெளியே பெரியப்பா நின்றிருந்தார். உன் அண்ணனுக்கு என் மூக்கு ஒழுகும் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது.

“இன்னாடா, ஊசி போட்லயா?”

“டெஸ்ட்ல ஒண்ணும் இல்லியாம் பெரிப்பா.”

“உங்க நைனாவுக்கும் இப்டித்தான் அட்டைய பாத்துக்கினு ஊசிய நிறுத்தினானுங்க. இப்ப எங்க கீறான் அவன்? வா, கம்பவுண்டராண்ட ஒண்ணு போட்டுக்கினு போலாம்.”

“வரல.”

“இன்னாடா சொன்ன?”

“வரலன்னேன்.”

அப்படியே நடந்து வந்துவிட்டேன். போன வருடம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது, உட்கார்ந்த இடத்திலேயே உன் இதயம் நின்றது. எழுப்பியவர்கள் நீ தூங்குகிறாய் என்றுதான் நினைத்தார்களாம். திருப்பதியில் ஊசியை நிறுத்தியதால் நோய் உள்ளேயே தங்கி உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று பெரியப்பா இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். உள்ளே தங்கி, இரண்டு வருடம் உன்னோடு ஓவர்டைம் பார்த்துவிட்டு, அப்புறம் கொன்ற நிமோனியாவை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

அதனால்தான் அந்தத் திருப்பதிக் கதையை ஊரெல்லாம் சொல்கிறேன். இன்று உனக்கும் சொல்கிறேன். நீயும் அங்கே இருந்தவன்தான். ஆனால் குறுக்கே பேசக்கூடாது.

எனக்கு அப்போது பதினான்கு. உன் கம்பெனி லைனில் ஒடிசாப் பையன்கள் வரிசையாக இருமினார்கள். பிறகு நீ இருமினாய். கம்பவுண்டர் நான்கு நாள் ஊசி போட்டார். ஐந்தாம் நாள் உன் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது. ஆம்புலன்ஸில் திருப்பதிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் உன் நெஞ்சு முழுக்க வெள்ளைத் திட்டு, நிமோனியா என்றார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், காலையும் மாலையும் ஊசி. ஜன்னலில் மலை தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஊசி ஏற ஏற உனக்குச் சிறுநீர் குறைந்தது. மூன்றாம் நாள் டூட்டிக்கு வந்த இளம் டாக்டரம்மா உன் மூக்கில் குச்சியை விட்டார். ஊரில் எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைக்கும் பெரியப்பாவால், உன் மூக்கில் ஒன்று நுழைவதைத் தாங்க முடியவில்லை. அட்டையில் இரண்டு கோடு வந்தது. ஃப்ளூ. ரத்தத்திலும் ஒரு டெஸ்ட் பார்த்து, பாக்டீரியா இல்லை என்று தெரிந்ததும் டாக்டரம்மா சொன்னார்: “இதி வைரஸ் அண்ணா. ஈ இஞ்செக்ஷன் தானிக்கி பனிசேயது.” இந்த ஊசி அதற்கு வேலை செய்யாது, கிட்னிக்குத்தான் சுமை, ஃப்ளூ மாத்திரையும் ஆக்சிஜனும் போதும் என்றார்.

ஊசியை நிறுத்தினால் நம் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். டாக்டர் கைவிட்டுவிட்டார், வீட்டுக்குக் கொண்டுபோ. பெரியப்பா வராந்தாவுக்குப் போய் ஊருக்குப் போன் போட்டார். “ஊசிய நிறுத்திட்டானுங்க” என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அவரால் பேச முடியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெட்ராஸ் பிரைவேட்டுக்குத் தூக்கிப்போக ஒரு வேனைப் பிடித்தார். “வேன்ல ஆக்சிஜன் கீதா?” என்று டாக்டரம்மா தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். இல்லை. எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகிறோம் என்று எழுதிய தாளில் உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இங்கேதான் நான் வருகிறேன். தாளை வாங்கினேன். நாலாகக் கிழித்தேன். “டெஸ்ட் பண்ணி பச்ச லைட் எரிஞ்ச பீஸ எவனாச்சும் சுத்தியால அடிப்பானா? டெஸ்ட்டே பண்ணாம குத்தினது போதும். நம்பாதவங்க வெளிய போலாம்” என்றேன். பெரியப்பா போய் வேனைத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தைகள் மூன்று பேர் வந்தார்கள். படிக்கட்டிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், நீ கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறாய்.

“யாருக்குடி அழுவுறீங்க?” என்று கேட்டாய்.

பெரிய அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, “வந்ததுக்கு அழுதுட்டுப் போறோம், நீ துன்னு” என்றாள். எட்டாம் நாள் நீ நடந்தே பஸ் ஏறினாய். பெரியப்பா உன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

இதுதான் நான் சொல்லும் கதை. நீ இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பாய்.

சரி நைனா. தாள் நாலாகக் கிழிந்தது நிஜம். கிழித்தது நீ. பச்சை லைட், சுத்தியல் எல்லாம் நீ பேசியது. கம்பெனியில் நாளெல்லாம் பீஸ் பீஸாக டெஸ்ட் செய்து, பச்சை எரிந்தால் விட்டு, சிவப்பு எரிந்தால் எடுத்துப் போட்டவன் நீதானே. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, மாஸ்க்கை நீயே தூக்கிப் பிடித்துப் பேசினாய்.

நான் எங்கே இருந்தேன்? பெரியப்பா கொடுத்த தாளை உன் நெஞ்சின் மேல் விரித்தவன் நான். பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, உன் விரலுக்குள் வைத்து, மேலே என் கையை வைத்து அழுத்தியவன் நான். “போடு நைனா, போடு, செத்துடுவ நைனா” என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதவனும் நான். நீ என் கையை உதறினாய். பேனா கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அதன் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை, நர்சின் டிராலி பின்னாலேயே ஓடி, ஒரே ஒரு ஊசி போடச் சொல்லி அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். பெரியப்பாதான் என்னைத் தூக்கி வந்தார். இன்றுவரை இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் அவரைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று அவரிடம் “வரல” என்று சொன்னது மட்டும் நிஜம். அதிலும் பாதி ஊசிக்குப் பயந்து. மீதிப் பாதி உன்னுடையது.