மாதா மறித்த லைசென்ஸ்

அம்பிட்டிய,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் லூக்காசுக்கு,

இயேசுவுக்கே தோத்திரம். அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் தங்கச்சி ஷெரோனும் சுகமாக இருக்கிறோம், துபாய் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று உன் பெயரைச் சொல்லித்தான் தினமும் செபமாலையை முடிக்கிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். சிரி. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா பறித்துக்கொள்கிறார், பிறகு ஓட்டல் கதையும் கிரிக்கெட் கதையும் பேசி, சரி மகன் வைக்கிறேன் என்று வைத்தும் விடுகிறார். மடவளை நபீல் தம்பி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறார், அவர் கையில் உனக்கு சீனிச் சம்பலும் தேசிக்காய் ஊறுகாயும் வறுத்த மிளகாய்த் தூளும் அனுப்புகிறேன், அதற்குள்தான் இதையும் வைக்கிறேன். போத்தல்களை உன் பழைய சேர்ட்டில் சுற்றியிருக்கிறேன், சேர்ட்டைத் தூக்கி எறியாதே, துவைத்தால் எண்ணெய் போய்விடும்.

இனி நம் ஓட்டலுக்கு பியர் விற்கிற லைசென்ஸ் கேட்ட கதைக்கு வருகிறேன். அப்பா உன்னிடம் மதுவரி இன்ஸ்பெக்டர் வந்து போனார், எல்லாம் சரிவரும் என்று மட்டும்தான் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். முதலில் இந்தப் பேச்சு எழுந்தபோது நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் சம்பள நாளில் என் அண்ணன் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான், அந்தச் சாமான் நம் கூரைக்குக் கீழே வேண்டாம் என்றுதான் சொன்னேன். மேலே கெஸ்ட் ஹவுஸ்களில் தங்குகிற வெள்ளைக்காரர்கள் நம் சோறு கறியை வாயாரப் புகழ்ந்துவிட்டு, பியர் இல்லை என்றதும் டவுனுக்கு இறங்கிப் போகிறார்கள் என்று அப்பா புலம்பினார், அதற்கும் நான் மசியவில்லை. நீ ஒரு நாள் சொன்னாயே, “லைசென்ஸ் கெடைச்சா நான் வந்துர்றேம்மா, இங்க பார்ல ஊத்துறத அங்க நம்ம கடையில ஊத்துறேன்” என்று, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மசிந்தேன். கிடைக்காவிட்டால் அடுத்த கொன்ட்ராக்டுக்கும் கையெழுத்துப் போடுவேன் என்று அதோடு சேர்த்துச் சொன்னதையும் நான் மறக்கவில்லை. மறக்கிற மாதிரியா சொன்னாய்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் உன் அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. நம்மைக் குடிகாரக் கூட்டம் என்று அவர் நினைத்துவிடக் கூடாதாம், பக்தியுள்ள குடும்பம் என்று பார்த்த உடனே தெரிய வேண்டுமாம். ஓட்டல் கேட்டுக்குப் பக்கத்தில் மாதா சொரூபம் வைக்க நாம் கட்டிய கெபிக்கு நீலப் பெயின்ட் அடித்தார், அலுமாரிக்கு மேல் கிடந்த நத்தார் பண்டிகை பல்ப் வயரை எடுத்துச் சுற்றினார், ஷெரோனைப் பிடித்து செவ்வந்தி மாலை கட்டவைத்தார், குரங்குகள் அதைப் பிய்த்துப் போட்டதும் இன்னொன்று கட்டவைத்தார். மே மாதச் செபமாலைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தாத மனுஷன்! இது எதுக்குங்க, அவர் கடையைப் பார்க்கத்தானே வர்றார் என்றேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு என்றார். சரி என்று பேசாமல் இருந்தேன்.

வந்தவர் நல்ல மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். கோயிலுக்கு எவ்வளவு தூரம், பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் என்று ஆள் வைத்து அளந்தார், கும்பிடுகிற இடமோ பள்ளிக்கூடமோ பக்கத்தில் இருந்தால் லைசென்ஸ் இல்லையாம், இரண்டும் போதிய தூரம் என்றார். குசினியைப் பார்த்து சுத்தம் என்று பாராட்டினார், கித்துள் கருப்பட்டியோடு பிளேன்டீ குடித்தார், உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் வாகனத்தில் ஏறப் போகையில்தான் கேட்டடியில் கெபியை நின்று பார்த்தார். த்ரீவீல் ஓட்டுகிற சுமன் வழக்கம்போல முதல் ஹயர் போவதற்கு முன்னால் கையைக் கூப்பி நிற்கிறான், பக்கத்து வீட்டு சிங்கள நோனா மகளின் பள்ளிச் சோதனைக்காகப் பூ வைக்கிறா. இன்ஸ்பெக்டர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் போய்க் கும்பிட்டார். அப்பா என்னைப் பார்த்து, பார்த்தியா என்று கண்ணாலேயே கேட்டார். கும்பிட்டு முடித்து, இங்கே யார் யார் வருவார்கள் என்று அவர் விசாரித்தபோதாவது இந்த மனுஷன் வாயை மூடியிருக்கலாம். எல்லாரும் வருவாங்க சேர், தமிழ் ஆட்கள், சிங்கள ஆட்கள், வேதம் சமயம் ஒண்ணும் பார்க்கிறதில்ல, பரீட்சை வந்தா இடமே இருக்காது என்று பெருமையாக அளந்தார். இன்ஸ்பெக்டர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், “அம்மா, நானே இப்பதான் இந்த இடத்தில கும்பிட்டேன். இது கும்பிடுற இடம் இல்லைன்னு நானே எப்படி எழுதுவேன்?”

அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் மகன். ஐயோ சேர், இது சும்மா சொரூபம், தோட்டத்துக்கு அழகுக்கு வச்சது என்று அந்த இடத்திலேயே மாறிப் பேசினார், பின்னால் பல்ப் மினுங்குகிறது, மெழுகுதிரி எரிகிறது! பேதுருவாவது உயிருக்குப் பயந்து ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்தார், உன் அப்பா பியர் போத்தலுக்காக மறுதலித்தார். அன்றைக்குப் பூராவும் நான் அவரோடு பேசவில்லை, தேத்தண்ணியை ஷெரோனிடம் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் போகும்போது ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் போனார். சொரூபத்தை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு அறிவியுங்கள், திரும்ப வந்து பார்த்து எழுதுகிறேன் என்றார். அவ்வளவுதான், பொழுது சாய்வதற்குள் அப்பா சொரூபத்தைப் பெயர்த்தெடுக்க அலவாங்கை எடுத்துக்கொண்டு கேட்டடிக்குப் போய்விட்டார். நானும் போய் முன்னால் நின்றுகொண்டேன். ஸ்டாண்டில் இருந்து சுமனும் மற்றப் பெடியன்களும் வந்து என் பக்கத்தில் நின்றார்கள், மாதா போனா நாங்களும் ஸ்டாண்ட மாத்திக்கிறோம் ஆன்ட்டி என்றான் சுமன். அப்பா பொரிந்து தள்ளினார். மகன் வர்றதுக்கு வழி பண்றேன், நீ குறுக்க நிக்கிற, நீயெல்லாம் ஒரு தாயா என்றுகூடக் கேட்டுவிட்டார். அந்தச் சொல் எனக்கு நன்றாகச் சுட்டது.

ஏன் நின்றேன் என்று நீயும் கேட்பாய். அந்தச் சொரூபம் எப்படி அங்கே வந்தது என்று நினைத்துப் பார். நீ துபாய்க்குப் போவதற்கு முதல் நாள், கீழே பஸ் ஹோல்ட்டில் இருந்து குழந்தையைத் தூக்குகிற மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி வந்தது நீதானே, உன் கையால்தானே பீடத்தில் இறக்கி வைத்தாய். நீ பெட்டி அடுக்கப் போன பிறகு நான் தனியாக நின்று ஒரு நேர்ச்சை வைத்தேன், உன்னிடம்கூடச் சொல்லவில்லை. என் பிள்ளை திரும்பி வந்து நிற்கும்வரை உன்னை இந்த இடத்தை விட்டு அசைக்க மாட்டேன் தாயே என்று சொல்லிவிட்டேன். இப்போது பார், நீ வர வேண்டும் என்று வைத்த மாதாதான் நீ வருகிற வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாள். ராவெல்லாம் இதை நினைத்து நினைத்து எனக்குத் தலையே வெடித்தது. பங்குச் சாமியிடம் போய்க் கேட்டேன். மாதா கைப்பிள்ளையோடு எகிப்துக்கே எழுந்து போனவள், வீட்டுக்குள் வரக் கோபித்துக்கொள்ள மாட்டாள், ஆனால் நேர்ச்சை உன்னுடையது டொரதி, அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். இதைச் சொல்லத்தான் மனுஷன் அவ்வளவு படித்தாரா?

வீட்டுக்கு வந்தேன், ஷெரோனை விட்டு இன்ஸ்பெக்டருக்கு போன் எடுக்கவைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானே பேசினேன். மகன் திரும்பி வரும்வரை அசைக்க மாட்டேன் என்று நேர்ச்சை, வைத்தவன் கையால்தான் எடுக்க வேண்டும், அவன் துபாயில் இருக்கிறான் என்றேன். அவர் சிரித்துவிட்டு, நேர்ச்சை என்றால் எங்களுக்கும் தெரியும் அம்மா, கண்டிப் பெரஹர ஊர்வலம் முடியட்டும், அதுவரை எனக்கும் மூச்சுவிட நேரமில்லை, மகன் வந்ததும் சொல்லுங்கள் என்றார். அப்பாவிடம் வந்து சொன்னேன். முறைத்தார். மறுநாள் காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால், மழைத் தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு கெபிக்கு முன்னால் நிற்கிறார். குடை அவருக்கு அல்ல, மாதாவுக்கு. நான் இருப்பது தெரியாமல் சொல்கிறார், “பியரு கெடக்கட்டும் தாயே, அவன மட்டும் அனுப்பி வச்சிரு.” நான் சத்தம் காட்டாமல் உள்ளே வந்துவிட்டேன். இதை அவரிடம் சொல்லிக் காட்டிக் கொடுத்துவிடாதே, மனுஷன் வெட்கத்தில் செத்துவிடுவார்.

ஆகவே மகன், லைசென்ஸ் வந்தால் நான் வருகிறேன் என்று நீ சொல்கிறாய், நீ வந்தால்தான் லைசென்ஸ் என்று இங்கே ஆகிவிட்டது. நான் வேண்டுமென்றே இப்படி முடிச்சுப் போட்டேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். பெற்றவளுக்கு இந்த அளவு சூதுகூட இல்லாவிட்டால் எப்படி. வந்து அவளைத் தூக்கி முன் ஹோலில் வை, நான் பின்னாலேயே மெழுகுதிரி பிடித்து வருகிறேன், சுமன் ஆட்களுக்கு நான் சமாதானம் சொல்கிறேன். இல்லை, வந்து பார்த்துவிட்டு அவள் அங்கேயே இருக்கட்டும் என்று உனக்குத் தோன்றினால், வெள்ளைக்காரனுக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துச் சமாளிப்போம், இத்தனை நாளும் சமாளிக்கவில்லையா? எப்படியானாலும் நீ வர வேண்டும். உன்னைப் பார்க்காமல் என்னால் இனி இருக்க முடியாது, அதை நேராகவே எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே வேலை செய்கிற காலுக்கு நல்லெண்ணெய் தடவு, ஞாயிறு பூசையை விடாதே. மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடு, நீ தொடாதே. எதை மறந்தாலும் இதை மறக்காதே, அவர்கள் நீட்டுகிற கொன்ட்ராக்டில் பெரஹர முடியும்வரை கையெழுத்துப் போடாதே. மாதாவும் அவளுடைய மகனும் உனக்கு முன்னும் பின்னும் நடந்து உன்னை வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கேட்டடியில் காத்திருக்கும்
உன் அம்மா,
டொரதி.

பி.கு: எழுதி முடித்த பிறகு உன் அறையைக் கூட்டப் போனேன். அப்பா அந்த அலவாங்கைக் கழுவி எண்ணெய் பூசி உன் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார், கட்டிலுக்கும் புது மெத்தை உறை போட்டிருக்கிறார்.