சோதனை இல்லாத பள்ளிக்கூடம்

இஞ்சாருங்கோ, இன்றைக்கு முன்னறைக்குப் பெயின்ற் அடிக்க ஆள் வந்திருக்கிறார். சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றி மேசையில் அடுக்கிவிட்டு, கடைசியில் ஏணி வைத்து ஏறி உங்கள் படத்தை இறக்கித் தந்தார். உங்கள் படம் என்றால் நீங்கள் இருக்கிற படமல்ல, நீங்கள் ஆணி அடித்து மாட்டிய படம். மூன்று வரிசையாக டெனிஷ்காரர் நிற்க, நடு வரிசையில் சேலைக்கு மேல் உங்கள் தடித்த ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு நான் ஒருத்தி. ஏன் இவ்வளவு உயரத்தில் மாட்டினீர்கள் என்று அந்த மனிதர் கேட்டார். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய படத்தை அந்த உயரத்தில்தான் மாட்டுவோம் என்றேன். அப்படியென்றால் இது உங்கள் பட்டமா என்றார். இல்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டேன்.

நாங்கள் அகதியாக டென்மார்க்கில் ஸ்கீவ நகரத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை அப்போது. எண்பத்தைந்தாம் ஆண்டு. நீங்கள் மீன் பக்டரியில் வேலை, நான் மொழி வகுப்பில். ஊரில் எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தும் போகிற பாதையில் நின்ற ஆமியும் சண்டையும் என்னைப் போகவிடவில்லை. அந்த அனுமதிக் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்து இங்கு வரைக்கும் கொண்டுவந்திருந்தேன். ஒருநாள் அதை நீங்கள் கண்டுவிட்டீர்கள். மறுநாளில் இருந்து, "நீர் படிக்கவேணும்" என்று ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டீர்கள்.

கொம்மூனில், அதுதான் நகரசபையில், எங்கள் விசயங்களைப் பார்க்கிற அம்மா நாலு பள்ளிக்கூடங்களைப் பற்றிய படப் புத்தகங்கள் தந்தா. எல்லாம் ஹொய்ஸ்கோல, பனிகொட்டுகிற மாரி முழுக்க அங்கேயே தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடங்கள். மொழி நன்றாக வரும், பிறகு எந்தப் படிப்புக்கும் போகலாம் என்று சொன்னா. அன்றைக்கு நீங்கள் கால்கூடக் கழுவாமல் குந்திவிட்டீர்கள். உங்கள் கையில் மீன் மணம், புத்தகத்திலும் மீன் மணம். எது பழைய கட்டடம், எதில் புத்தக அலுமாரி பெரிசு, எந்த அதிபர் கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறார் என்று ஒவ்வொரு படமாகப் பார்த்தீர்கள். யாழ்ப்பாணத்து ஆளல்லவா, பள்ளிக்கூடம் தெரிவு செய்ய உங்களுக்கு ஆர் சொல்லித்தர வேணும்! நகரத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. சுற்றிவரத் தமிழ்ச் சனம். நான் அதைத்தான் விரும்பினேன். நீங்களோ வடக்கே வயல்வெளிக்கு நடுவில் இருந்த ஒன்றில் விரலை வைத்தீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய் அதை வெளியில் நின்றே பார்த்துவிட்டு வந்தீர்கள். காது இரண்டும் சிவந்துபோயிருந்தது.

"நல்ல பள்ளிக்கூடம். சுத்திவர ஒரு கடையும் இல்லை. காத்து ஆளைத் தூக்குது. படிக்கிறதைத் தவிர வேற ஒண்டும் செய்யேலாது."

"தமிழ் ஆக்கள் இல்லையே?"

"அதுக்குத்தானே போறீர். அவையளோட தமிழில கதைச்சுக்கொண்டிருக்கவே?"

எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சனம் சும்மா இருக்குமா? கலியாணம் கட்டிய சூடு ஆறவில்லை, பெண்சாதியைக் கொண்டுபோய் வெள்ளைக்காரரோடு தங்கவிடுகிறான் என்று குசினிக்குள் நின்று கதைத்தார்கள். உங்களுக்குக் கேட்கட்டும் என்றே கதைத்தார்கள். தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே போய், "படிக்கத்தானே போறா, ஓடிப்போகேல்லையே" என்று சொல்லிவிட்டு, சீனியையும் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். அன்றைக்கு எனக்கு உங்களை நினைத்து வந்த பெருமை இன்னும் அடங்கவில்லை.

ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டோம். மறந்தோம் என்றும் சொல்ல முடியாது. அப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது.

அங்கே காலையில் எல்லோரும் எழும்பி நின்று பாட்டுப் பாடினார்கள். பிறகு வரலாறு, பிறகு நெசவு, மண்ணில் சட்டி செய்தல், பிறகு வட்டமாக இருந்து விவாதம். எந்தக் கொப்பியிலும் ஒருவரும் ஒன்றும் எழுதக் காணோம். இரண்டாம் கிழமை ஆசிரியையிடம் போய்ச் சோதனை எப்போது என்று கேட்டேன். நல்ல செய்தி சொல்கிறவ மாதிரி முகமெல்லாம் மலர, இங்கே சோதனையும் இல்லை, சான்றிதழும் இல்லை என்றா.

நடைபாதையில் இருந்த தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாரி ஐந்து மாதமும் வீணாகப்போகுது, சனம் சிரிக்கப்போகுது, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்றேன். கட்டடத்தின் வயதைப் பார்த்தவருக்கு இதைப் பார்க்கத் தெரியவில்லையே என்று எனக்குள் கோபமும் இருந்தது, அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "சோதனை இல்லையெண்டால் ஆரும் உம்மைப் பெயிலாக்கவும் ஏலாது தானே. பயப்பிடாமல் வாயைத் திறந்து கதையும்."

அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

வாயைத் திறந்தேன். பிழைபிழையாகக் கதைத்தேன். சாப்பாட்டு மேசையில், நெசவுத் தறியில், பனியில் நடக்கும்போதெல்லாம் கதைத்தேன். மாரி முடிய, படிக்கிறவர்களின் வீட்டாரை அழைக்கிற நாள் வந்தது. ஒவ்வொருவரும் எழும்பி ஏதாவது பேச வேணும் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளை சோதனைக்குப் படித்தால் பக்கத்து வீட்டு ரேடியோவும் வாயை மூடும் என்பதைப் பற்றி நான் பேசினேன். மண்டபம் சிரித்தது. நீங்கள் கலியாணக் கோட்டோடு முன்வரிசைக் கதிரையில். நான் பேசியதில் கால்வாசிகூட உங்களுக்கு விளங்கியிருக்காது. நடுவில் ஒரு சொல் வராமல் நின்றுவிட்டேன். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் எழும்பிக் கை தட்டினீர்கள், தனியாக. பாவம் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். எனக்கு இன்னும் இரண்டு பக்கம் இருந்தது! வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் நீங்கள் தட்டிய தட்டில் அந்தச் சொல் வந்துவிட்டது. மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து நேர்ஸ் படிப்புக்குக் கேட்டுப் போனபோது, நேர்முகத்தில் என்னோடு இருந்து கதைத்தவர்கள் நான் இவ்வளவு நன்றாகக் கதைக்கிறேனே என்றார்கள். அந்தக் கதையில்தான் இடம் கிடைத்தது. படித்து முடித்து உண்மையான சான்றிதழும் கையில் வந்தது. அதைச் சட்டம் போட்டு அந்த உயரத்தில் மாட்டுவோம் என்றேன். "அது கீழ இருக்கட்டும். இதாலதானே அது வந்தது" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் எடுத்த அந்த மூன்று வரிசைப் படத்தை உயரத்தில் இருந்து நீங்கள் இறக்கவே இல்லை. கட்டடத்தைப் பார்த்தே நல்ல பள்ளிக்கூடம் என்று கண்டுபிடித்தேன் என்று சாகும்வரைக்கும் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நான் ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை.

பெயின்ற்காரர் இப்போது எங்கே ஆணி அடிப்பது என்று கேட்கிறார். பழைய ஓட்டையை அடைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் செத்தவீட்டில் பேசுவதற்குத் தமிழ்ச் சங்கத்து ஆம்பிளைகள் ஒழுங்காகப் பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். நானும் பேசுவேன் என்றேன். பெண்சாதி பேசுகிற வழக்கம் இல்லையே என்று ஒருவர் இழுத்தார். நான் எழும்பிவிட்டேன். தமிழில் பேசினேன், பக்டரியில் உங்களோடு வேலை செய்தவர்களுக்காக டெனிஷிலும் பேசினேன். நடுவில் ஒரு சொல் வரவில்லை. நின்றேன். என்னையறியாமல் முன்வரிசையைப் பார்த்தேன். கை தட்ட ஆள் இல்லை.

பிறகு நீங்கள் தட்டிவிட்டீர்கள் என்று நானே வைத்துக்கொண்டு, மிச்ச இரண்டு பக்கத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.