அவசரம் என்று கேட்ட தங்கம்மக்காவுக்கு

பிரியமுள்ள தங்கம்மக்கா,

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. கொழுந்து எடுக்கும் பெண்களின் வரிசையில் உங்களைத் தேடுவதை என் கண் இன்னும் விடவில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நம்புகிறவளல்ல நான். ஆனாலும் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

அன்று எஸ்டேட்டுக்கு வந்த அரசாங்க லேபர் ஆபீசரிடம் நீங்கள் சொன்னது ஒரே விஷயம். "மருந்தடிச்ச காட்டுல அன்னைக்கே கொழுந்தெடுக்கச் சொல்லுதாக சார். பிள்ளத்தாச்சிக மயங்கி விழுதாக." எஸ்டேட்டைப் பற்றி வெளியாளிடம் பேசியதாக அடுத்த வாரமே உங்களுக்கு நோட்டீஸ். கிளார்க் மலையாளத்தில் வாசித்தார்: "மறுபடி பறயான் அவசரம் தந்நிட்டுண்டு." பதில் சொல்ல வாய்ப்பு என்று அர்த்தம். ஏழு நாள் இருந்தது. அதற்குள் பணிவாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, உங்கள் வேலையையும் லயத்து வீட்டையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் எண்ணியிருந்தேன்.

நீங்களோ தமிழ் அவசரம் என்று எடுத்துக்கொண்டு, கூடையோடு நேரே மானேஜர் துரை முன்னால் போய் நின்று, சொன்னதையே இன்னும் உரக்கச் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"அவசரம்னு போட்டிருக்கான்லா? ஆற அமரப் போனா அதுக்கும் ஒரு நோட்டீஸு குடுப்பான், டீச்சர்."

அர்த்தத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "விசாரணைக்கு வந்து, மயங்கி விழுந்தத நானும் பாத்தேன்னு மட்டும் சொல்லுதீகளா?" பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து நான் பார்த்திருந்தேன். ஆனால் பள்ளிக்கூடமும் எஸ்டேட்டுடையது, என் குவார்ட்டர்ஸும் அவர்களுடையது. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

நான்கு மாதம் உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஏன் வரவில்லை என்று ஒருநாளும் நீங்கள் கேட்கவில்லை. ஏன் அக்கா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது உங்கள் பக்கத்து வீட்டுச் செல்விக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அதே மருந்து, அதே புகார். வேலை போனால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. "ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் வம்பு? கடுதாசி மட்டும் எழுதிக் குடுங்க" என்கிறாள். அவள் சொன்னபடியே எழுதினேன். ஒரு சொல்லையும் நான் இளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை. என் பேச்சால் நியாயம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் செல்வி பக்கத்தில் நிற்பேன், பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்வேன். புத்தகங்களைப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டேன்.

நீங்கள் கடைசிவரை டீச்சர் என்றே கூப்பிட்ட,
உங்கள் தங்கச்சி